தொட்டவன் செலவு

தெருமுனையில் சைக்கிள் மணி மூன்று தரம் அடித்தது. புளி தட்டிக்கொண்டிருந்த ராஜாமணி கையிலிருந்த இரும்புக் கம்பியை அப்படியே போட்டுவிட்டு, பக்கத்தில் கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்த நாலு வயது மகளை வாரிக்கொண்டு வீட்டுக்குள் ஓடினாள். கதவைச் சாத்தி அதற்கு முதுகைக் கொடுத்து நின்றாள். செல்லம்மாள் அழவில்லை. மணிச் சத்தம் கேட்டால் மூச்சுக் காட்டாமல் இருக்க வேண்டும் என்று அந்தப் பிள்ளை கற்றுக்கொண்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது.

வெளியே நஞ்சப்பன் சைக்கிளை விட்டு இறங்காமல் ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றான். ராஜாமணியின் புருஷன். நல்லம்பள்ளிப் பக்கத்தவன், மாட்டுத் தரகன். சந்தைக்குச் சந்தை சைக்கிளிலேயே போகிறவன். சோளத்தட்டையின் தோலைக் கிழித்த ஒரு சிம்பு எப்போதும் அவன் வாயோரத்தில் இருக்கும்.

"மாமா, பாப்பா எவ்ளோ ஒயரம் வளந்திருக்கறா?"

ராஜாமணியின் அப்பா மாதையன் வாசலில் கோணி தைத்துக்கொண்டிருந்தார். எழுந்து நின்று, "கொழந்ததானுங்க மாப்ள, என்னா பெருசா வளந்துடப் போவுது" என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை.

"தொம்பைய நல்லா சாணி போட்டு மொழுவி வெச்சிருக்கறேன். காலியாத்தான் கெடக்குது. உங்க பொண்ணுகிட்ட சொல்லுங்க."

அவ்வளவுதான். மிரட்டவில்லை, திட்டவில்லை. மணியை இன்னொரு தரம் அடித்துவிட்டு இண்டூர்ப் பக்கம் மிதித்துப் போய்விட்டான். கதவுக்குப் பின்னால் நின்றபடி ராஜாமணி எல்லாவற்றையும் கேட்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

தொம்பை என்பது தானியம் கொட்டி வைக்கிற ஆள் உயரக் கூடு. போன தை மாதம் ஒரு மத்தியானம், குளிக்க வைத்திருந்த சுடுதண்ணீரைக் குழந்தை தட்டிவிட்டது என்பதற்காக நஞ்சப்பன் அதைத் தூக்கிக் காலித் தொம்பைக்குள் இறக்கி, மூடியை வைத்து, மேலே அம்மிக் குழவியையும் வைத்தான். பிறகு கட்டிலை இழுத்துப் போட்டு அதன் பக்கத்திலேயே படுத்துக்கொண்டான். மூடியை எடுக்கப் போன ராஜாமணிக்கு, மாடு ஓட்டுகிற தார்க்குச்சியின் ஆணி தோளில் இரண்டு இடத்தில் இறங்கியது. விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் பிள்ளையை வெளியே எடுத்தான். உள்ளே போகும்போது கத்திக்கொண்டு போன பிள்ளை, வெளியே வந்தபோது பேச்சை விட்டுவிட்டு வந்தது. அன்றிலிருந்து அது வாயைத் திறந்தால் அதிகமென்று ஒரு சொல்.

மறுநாள் அவன் சந்தைக்குப் போன நேரம் பார்த்து ராஜாமணி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தே அப்பன் வீடு வந்துவிட்டாள். வந்தவுடன் இங்கே மூலையில் நின்ற தொம்பையைப் பார்த்துக் குழந்தை அலறிய அலறலில் தெருவே கூடியது. மாதையன் எச்சில் கையால் காக்காய் ஓட்டாத மனுஷன். ஒரு புளியங்கொட்டையைக்கூட வீணாக்க மாட்டார். அவர் அன்று சாயங்காலமே கடப்பாரையை எடுத்துத் தொம்பையை இடித்துக் குப்பைமேட்டில் கொட்டிவிட்டு வந்தார். அதற்குப் பிறகு கேழ்வரகு கோணியில்தான் கிடந்தது. எலி தின்றது. அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆனால் தீர்த்துக்கொள்வதற்கு ஆகிற செலவைப் பற்றிப் பேசினார். பேச்சு வேறே இல்லை. தர்மபுரி தனி ஜில்லாவான பிறகு எல்லாம் கிட்டத்தில் வந்துவிட்டதே என்று ஒருநாள் பஸ் ஏறிப் போய், ஒரு வக்கீல் குமாஸ்தாவைப் பார்த்துவிட்டு வந்தார். வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் புளியங்கொட்டைக் குவியல் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு கொட்டைக்குப் பத்து ரூபாய் என்று தரையில் வைக்க ஆரம்பித்தார்.

"வக்கீலுக்கு முன்பணம் எரநூறு." இருபது கொட்டை. "ஸ்டாம்பு, டைப் அடிக்கறதுக்கு, அதுக்கு இதுக்குன்னு அறுவது." ஆறு கொட்டை. "சாச்சிக்காரங்க நாலு பேத்துக்கு பஸ்ஸு, சோறு, டீ. அது வாய்தாவுக்கு வாய்தா. எத்தன வாய்தா ஆவும்னு கேட்டேன். கோர்ட்டு சித்தம்ங்கறான். ரெண்டு வருசமும் ஆவுமாம், நாலு வருசமும் ஆவுமாம்." கை நிறைய அள்ளிக் கொட்டினார். "எழுநூறுக்குக் கீழ வராது. காட்ட வித்தாத்தான் ஆவும்."

"அங்க போனா பாப்பாவ எங்கிட்ட குடுத்துடுவாங்களாப்பா?"

"அதயுந்தான் கேட்டேன். அது தனி கேசு, தனி ஃபீசுங்கறான்."

கொட்டைகளை அப்படியே குவியலில் தள்ளிவிட்டார். "ஊர்லயே தீத்துக்கலாம். வேற வழியில்ல."

ஊரில் தீர்த்துக்கொள்வதற்கு ஒரு வழக்கம் இருந்தது. ஊர்ப் பொதுத்திடலான மந்தையில் இரண்டு பக்கத்தாரும் எதிரெதிரே உட்கார வேண்டும். நடுவில் ஒரு கல். கல்லின்மேல் ஊர்க்கவுண்டர் ஒரு துரும்பு வைப்பார். சோளத்தட்டையில் கிழித்த ஒரு சாண் சிம்புதான் துரும்பு. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரில் வேண்டாம் என்கிறவர் அதை எடுத்து, இரண்டாக முறித்து, ஒரு பாதியை மற்றவர் முன்னால் போட வேண்டும். போட்டால் தீர்ந்தது.

எடுத்தவர் தலையில்தான் செலவு முழுக்க. பெண் எடுத்தால் கல்யாணத்தில் அவளுக்காக வாங்கிய பரியப் பணத்தை இரட்டிப்பாகத் திருப்ப வேண்டும், கல்யாணச் செலவில் பாதி தர வேண்டும், ஊருக்குத் தெண்டம், கறிச்சோறு. பிள்ளை இருந்தால் அது தகப்பன் வீட்டுக்குப் போய்விடும். ஆண் எடுத்தால் தாலிப்பொன் அவளுக்கு, தெண்டமும் சோறும் அவனுடையது, பிள்ளை தாயோடு. பொழுது இறங்கும்வரை யாருமே எடுக்காவிட்டால், மாப்பிள்ளை வீட்டார் வந்த வண்டியிலேயே பெண்ணையும் பிள்ளையையும் ஏற்றி அனுப்பிவிட வேண்டும். இது மூன்றுக்கும் வெளியே நாலாவது ஒன்று கிடையாது.

தொட்டால் தொட்டதுதான். அதில் தாட்சண்யமே இல்லை. முன்பு சென்னப்பன் என்று ஒருவர், துரும்பின்மேல் ஊர்ந்த எறும்பைப் பாவம் பார்த்துத் தட்டிவிடப் போய், விரல் பட்டுப் பெண்டாட்டியை இழந்தார். அவர்கள் அன்று சமாதானம் பேசி முடித்திருந்தார்கள் என்பது வேறே.

"அவன் எடுக்க மாட்டான்" என்றாள் ராஜாமணி. "மாடு பேசறப்போ மொதல்ல வாயத் தொறக்கறவன் கெட்டான்னு அடிக்கடி சொல்லுவான்பா. கம்முனு உக்காந்திருப்பான். பொழுது எறங்குனா நான் வண்டியில ஏறணும். நான் எடுத்தா பாப்பா ஏறணும்."

பங்குனி மூன்றாம் வெள்ளிக்கிழமை என்று ஊர்க்கவுண்டர் பச்சியப்பன் நாள் குறித்துவிட்டார்.

அதற்கு நான்கு நாள் முன்னால் ராஜாமணியும் அடுத்த தெரு இன்னாசியம்மாளும் புளி தட்டிக்கொண்டிருந்தார்கள். தூக்கு எடைக்கு இவ்வளவு என்று கூலி. ஓடு எடுத்து, நார் உரித்து, கம்பியால் தட்டிக் கொட்டையைப் பிதுக்க வேண்டும். விரல் வெடிப்புகளில் புளி இறங்கி எரியும்.

"எங்க வேதத்துல தொரும்பும் இல்ல, கோர்ட்டும் இல்ல" என்றாள் இன்னாசியம்மாள். "சாமியாருகிட்ட போனா, 'பொறுத்துக்கோம்மா, செபம் சொல்லு'ன்னுவாரு. என் கொழுந்தியா பொறுத்துப் பொறுத்தே போய்ச் சேந்துட்டா. உனுக்கு ஒரு வழியாவது இருக்குதே."

"பொழுது சாயறத நெனச்சாவே தூக்கம் வர மாட்டேங்குதுக்கா."

இன்னாசியம்மாள் ஒரு புளியை வாயில் போட்டு மென்றிருந்தாள். நார் ஒன்று கடைவாய்ப் பல்லில் மாட்டிக்கொண்டது. நாக்கால் துழாவினாள், நகத்தை விட்டுப் பார்த்தாள். பேசிக்கொண்டே, பார்க்காமலே, கை தரையைத் தடவி ஒரு குச்சியை எடுத்துப் பல்லைக் குத்தியது.

ராஜாமணி தட்டுவதை நிறுத்திவிட்டு அந்தக் கையையே பார்த்தாள்.

"என்னாடி அப்படிப் பாக்கற?"

"அக்கா, வெள்ளிக்கெழம விடியக்கால என்கூட மந்தையக் கூட்ட வருவியா?"

அன்று சாயங்காலம் அப்பனிடம் போனாள். "வர்றவங்களுக்கு மத்தியானம் நாம கறிச்சோறு போட்டுடலாம்பா. அப்பறம் உக்காந்து பேசலாம்."

மாதையன் துள்ளிவிட்டார். "உனுக்கென்ன பைத்தியமா புடிச்சிருக்குது? தோத்தவன் போடற சோறு அது! தீந்த பின்னாடி போடறது. மொதல்லயே நாம எதுக்குப் போடணும்? நாமளே தோத்துட்டோம்னு தண்டோரா போடவா?"

"வயிறு காஞ்சு உக்காந்தா பேச்சு காரமா வரும்பா."

"வரட்டும்! காசு வருதா?"

"நம்ம மலட்டு வெள்ளாடு இருக்குதில்ல. அத அறுத்துடலாம்."

மாதையன் நின்றார். பல் கொட்டிய கிழட்டு ஆடு அது. சந்தைக்கு இரண்டு தரம் ஓட்டிக்கொண்டு போய், கேட்பாரில்லாமல் திருப்பி ஓட்டிக்கொண்டு வந்தது. "அது வேவாதேம்மா. தோல் செருப்பு மாதிரி இருக்குமே."

"வெந்த மட்டும் போதும்."

செலவில்லாத செலவு என்பதால் ஒருவழியாக இறங்கி வந்தார். மறுநாள் அவள் பக்கத்துத் தோட்டத்தில் வாழையிலை கேட்டுவிட்டு வந்தபோது மறுபடியும் சத்தம் போட்டார். "வூட்ல தச்ச எல கட்டுக் கட்டாக் கெடக்குது, வாழல எதுக்கு?" தைத்த இலையில் ஒட்டுக்கு ஒட்டு ஈர்க்குக் குச்சி குத்தியிருக்குமே. அதை அவள் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அந்த மனுஷனுக்குக் கல்லை விட்டு வேறெங்கும் பார்க்கத் தெரியாது. எதிரே உட்காரப்போகிற நஞ்சப்பனோ மாட்டின் கண்ணைப் பார்த்தே வயிற்றுவலி சொல்கிறவன்.

வெள்ளிக்கிழமை கிழக்கு வெளுக்கும்போதே இரண்டு பேரும் மந்தையில் இருந்தார்கள். புளியமரத்தடி முழுக்கச் சருகும் சுள்ளியும். ராஜாமணி முதலில் பெருவாரியாகக் கூட்டினாள். பிறகு உட்கார்ந்து கையால் பொறுக்கினாள். வேரின் சந்துகளில் விரலை விட்டுக் குச்சி எடுத்தாள். சாணித் தண்ணீர் தெளித்து மொழுகி, காய்ந்த பிறகு இன்னொரு தரம் கூட்டினாள். தண்ணிக்குப் போன பெண்கள், சாமிக்கு நேர்ந்துகொண்டு செய்கிறாள் பாவம் என்று பேசிக்கொண்டு போனார்கள். கடைசியாகத் துடைப்பத்தையும் கையோடு வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டாள்.

இனி ஒளித்து என்ன ஆகப்போகிறது. நஞ்சப்பனுக்குக் கீழ்த்தாடையில் ஒரு சொத்தைப் பல் உண்டு. கறி தின்றால் நார் போய் அதில் உட்கார்ந்துகொள்ளும். உட்கார்ந்தால் அவனுக்கு இருப்புக் கொள்ளாது. கைகழுவுகிற நேரத்துக்குள் சிம்பு கையில் வர வேண்டும். ஏழு வருசம் அவனுக்குச் சிம்பு கிழித்துக் கூரையில் செருகி வைத்தவள் அவள்தான். ஒருநாள் மறந்ததற்கு வாங்கிய அடி இன்னும் விலாவில் இருக்கிறது. அவளிடம் இருந்த நம்பிக்கை அவ்வளவுதான், ஒரு சொத்தைப் பல்.

வண்டி பத்து மணிக்கு வந்தது. நஞ்சப்பனும் அவன் பங்காளிகள் ஐந்து பேரும். வண்டியைக் கிணற்றடியில் அவிழ்த்துவிட்டு வந்தார்கள். வாயோரச் சிம்போடு அவன் உட்காரப் போனபோது, "சபையில வாயில ஒண்ணும் வெக்கக் கூடாது மாப்ள" என்றார் பச்சியப்பன். துப்பிவிட்டு உட்கார்ந்தான். துப்பியது அவன் கைக்கு எட்டாத தூரத்தில் போய் விழுந்ததா என்று ராஜாமணி பார்த்துக்கொண்டாள். குழந்தை இன்னாசியம்மாள் வீட்டில் இருந்தது.

பச்சியப்பன் கல்லின்மேல் துரும்பை வைத்தார். "தீரும்வரைக்கும் ரெண்டு பேரும் இந்த எடத்த விட்டு எந்திரிக்கக் கூடாது. சோறு இங்கயே வரும். கைகழுவத் தண்ணி இங்கயே வரும். உனுக்கு என்னா வேணும், சொல்லு மாப்ள."

"நான் தீத்துக்க வரலீங்க. எம் பொண்டாட்டிய, எங் கொழந்தைய கூட்டிட்டுப் போவ வந்தேன்." பணிவாகச் சொன்னான். சபையில் நாலு தலை ஆடியது.

"நீ என்னாம்மா சொல்ற?"

ராஜாமணி தோள் சேலையை விலக்கி ஆணித் தழும்பைக் காட்டினாள். தொம்பையைச் சொன்னாள். சபை உச்சுக் கொட்டியது. "அப்போ எடுத்துக்கோ" என்றார் பச்சியப்பன், துரும்பைக் காட்டி. வழக்கம் அவருக்கும் மேலே. அவள் கையை மடியில் வைத்து இறுக்கிக்கொண்டாள்.

மத்தியானம் இலை போட்டார்கள். களியும் கறிக்குழம்பும். கறி வெந்திருந்தது என்று சொன்னால் அது பொய். ஆளாளுக்குக் கடித்து இழுத்தார்கள். நஞ்சப்பன் மாமனார் வீட்டுச் சோறு என்று வஞ்சனையில்லாமல் இரண்டு தரம் கேட்டு வாங்கித் தின்றான். இலை எடுத்தார்கள், கைகழுவினார்கள். அவன் நாக்கு வலது கன்னத்துக்குள் போய்த் துழாவியது. ராஜாமணி தலையைக் குனிந்துகொண்டாள். பார்க்கிறாள் என்று தெரிந்தால் முடிந்தது.

அவன் நகத்தால் நோண்டினான். உறிஞ்சினான். இடது கை தரையைத் தடவியது, மொழுகிய தரையில் ஒரு சருகும் அகப்படவில்லை. ஒரு தரம் வலது கை நீண்டு கல்வரைக்கும் வந்தது. கை சட்டென்று நின்று, பின்வாங்கி, மீசையைத் தடவிக்கொண்டது. அவன் சிரித்தான். அவளைப் பார்த்துச் சிரித்த மாதிரி இருந்தது. தெரிந்துவிட்டது என்று நினைத்தாள்.

அதற்குப் பிறகு அவன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். புளியமரத்து நிழல் கிழக்கே நீண்டுகொண்டே போனது. பச்சியப்பன் இரண்டாம் தரம் கேட்டார். இரண்டு பேர் கையும் நீளவில்லை. கிணற்றடியில் ஒருவன் வண்டிமாட்டுக்குத் தண்ணி காட்டினான். பிள்ளையைத் தனியாக அனுப்புவதைவிடத் தானும் அந்த வண்டியில் ஏறிவிடுவது என்று ராஜாமணி முடிவு கட்டினாள். அந்த வீட்டில் தொம்பையின் மூடிக்கும் அவனுக்கும் நடுவில் நிற்க ஓர் ஆளாவது இருக்கும்.

மாதையன் இதற்குள் வேறு கணக்குக்குப் போயிருந்தார். மகள் எடுத்துவிடுவாள், செலவு தன் தலையில்தான் என்று அவருக்கு நிச்சயமாகிவிட்டது. இரட்டைப் பரியத்துக்கு எங்கே போவது? இருக்கிற உழவுமாடு இரண்டையும் விற்றால்தான் உண்டு. விலை கேட்க அந்த மந்தையில் விஷயம் தெரிந்த ஆள் ஒருத்தன்தான் இருந்தான். இந்த மாதிரி நேரத்தில் இந்த மாதிரி ஆளிடம் போய் இதைக் கேட்க மாதையனால்தான் முடியும்.

"மாப்ள, கோச்சிக்காதீங்க. மயில ஜோடி, ஆறு பல்லு. இப்போ என்னாங்க போவும்?"

நஞ்சப்பன் முகம் மலர்ந்தது. "உங்க மாடுங்களா? எடது மாடு சுழி சரியில்லயே மாமா."

"சுழிக்கு என்னாங்க கொற? ஏர்ல நின்னா நவுராது."

"நவுராதுன்னா உழவு எப்படி ஓடும்?" சபை சிரித்தது. அவனும் சிரித்தான். கட்டின கை அவிழ்ந்தது. உடம்பு முன்னால் சாய்ந்தது. சந்தையில் உட்கார்ந்திருப்பவன் ஆகிவிட்டான். "இந்த வருசம் மழ இல்ல. தட்டு வெல ஏறிப்போச்சு. கட்டித் தீனி போடறவன் யாரு சொல்லுங்க? நானூத்தம்பதுக்கு மேல ஒருத்தன் கேட்டான்னா…"

கேட்டான்னா என்று சொல்லும்போதே கை போய் எடுத்துவிட்டது. பேசிக்கொண்டே நுனியை ஒடித்தான், கடைவாயில் விட்டுக் குத்தினான். "…கேட்டான்னா, என் காத அறுத்துக்கறேன்" என்று முடித்து, நாரை வெளியே எடுத்துத் துப்பினான். பிறகுதான் சத்தமே இல்லாமல் இருப்பதைக் கவனித்தான். எல்லாரும் கல்லைப் பார்த்தார்கள். கல்லின்மேல் ஒன்றும் இல்லை.

"பல்லு குத்த எடுத்தங்க!" என்று எழுந்துவிட்டான். "சத்தியமா! பல்லு குத்தத்தான் எடுத்தேன்!"

"எதுக்கு எடுத்தன்னு தொரும்பு கேக்காது, மாப்ள" என்றார் பச்சியப்பன். "ஒடிக்கவும் ஒடிச்சுட்ட. உக்காரு. அந்தத் துண்டப் பொறுக்கி அந்தப் பொண்ணு முன்னாடி போடு."

பங்காளிகள் கத்தினார்கள். பச்சியப்பன் எறும்பு தட்டின சென்னப்பனைக் கூப்பிட்டு நிறுத்தினார். அந்த மனுஷன் முன்னால் வந்து நின்றதே போதுமாக இருந்தது. கத்தல் அடங்கியது.

நஞ்சப்பன் துண்டைத் தேடிக் குனிந்தான். மொழுகிய வெறுந்தரையில் அது ஒன்றுதான் கிடந்தது. அவன் அதை எடுக்காமல் தரையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தான். பிறகு மரத்தடியைப் பார்த்தான். துண்டை எடுத்து ராஜாமணி முன்னால் போடக் குனிந்தபோது, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "மந்தையக் கூட்டினது நீயா?" என்றான்.

"ஆமாங்க" என்றாள் அவள். ஏழு வருசத்துப் பழக்கம், அந்த 'ங்க' தானாக வந்துவிட்டது.

"சந்தைக்கு எனக்கு இந்த வழிதான்" என்றான் அவன்.

அவள் துண்டை எடுத்தாள். அதை மடியில் முடிந்துகொண்டாள். தீர்ந்தது. ஆனால் பயம் தீரவில்லை. இனி எத்தனை மணிச் சத்தத்துக்கு எத்தனை தரம் கதவைச் சாத்தப்போகிறாளோ அவளுக்கே தெரியாது. பின்னால் மாதையன், ஆட்டுக்கும் அவன்தானே தர வேண்டும், வாழையிலைக்கும் சேர்த்துத் தர வேண்டும் என்று பச்சியப்பனிடம் ஆரம்பித்திருந்தார்.

வண்டி கண்ணுக்கு மறைந்த பிறகுதான் அவள் இன்னாசியம்மாள் வீட்டுக்குப் போனாள். மாதா படத்துக்குக் கீழே சுவரோடு ஒட்டிக்கொண்டு செல்லம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

"வா கண்ணு, வூட்டுக்குப் போலாம்."

பிள்ளை நகரவில்லை. தாயின் முகத்தையே பார்த்தது. தை மாதத்துக்குப் பிறகு முதல்தடவையாக இரண்டு சொல் சேர்ந்தாற்போல் அதன் வாயிலிருந்து வந்தது.

"எந்த வூட்டுக்கு?"

ராஜாமணி பிள்ளைக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். காலையிலிருந்து அடக்கின அழுகை அப்போதுதான் வந்தது.

"தொம்ப இல்லாத வூட்டுக்கு" என்றாள்.